கொடுத்தவர் மனசு நிறைய

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவன் வாங்குகிறவனின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் காலம் ஒன்று வரும் என்று அந்தப் பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லி வைத்திருப்பார்கள். ஆவுடையம்மாளுக்கு அன்றைக்குத் திட்டுவதற்கு உதவியாக இருந்திருக்கும்.

"உங்க பேஷண்ட்ஸ் சந்தோஷமா இல்ல மேடம்" என்றான் தினகர். சென்னையிலிருந்து வந்திருந்தான். 'நிறைவு' கம்பெனியின் தென்மாவட்ட அதிகாரி. வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். மேஜை மேல் வைத்த மோரைத் தொடவில்லை.

"என்னது?"

"சந்தோஷமா இல்லன்னு சொல்றேன். போன மாசத்தைவிட இந்த மாசம் இன்னும் கம்மி. நிறைவுப் புள்ளி தரையில கிடக்குது."

"தம்பி, இது டயாலிசிஸ் சென்டர். கல்யாண மண்டபம் இல்ல."

பாளையங்கோட்டையில் அந்த மையத்தைத் தெரியாத ஆட்டோக்காரர் கிடையாது. சிறுநீரகம் கெட்டுப்போய், பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் காத்திருந்து காத்திருந்து வேறு வழியில்லாமல் வருகிறவர்களுக்கு இலவசமாக ரத்தம் சுத்தம் செய்து அனுப்பும் இடம். ஆவுடையம்மாள் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷனை வாங்கிக்கொண்டு சீரியல் பார்த்திருக்கலாம். பார்க்காமல் இதைத் தொடங்கினாள். ஊரில் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்ற தைரியத்தில்தான் தொடங்கினாள். பிள்ளைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, கடைக்கு ஆண்டு விழா என்று ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொள்வார்கள். அன்றைய சிகிச்சை இன்னார் உபயம் என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுவாள். உபயதாரர் வந்து, முதல் நோயாளியின் மெஷினில் பச்சைப் பொத்தானைத் தொட்டுக் கொடுப்பார். குத்துவிளக்கு ஏற்றுகிற மாதிரி. மெஷின் ஓடத் தொடங்கியதும் ஆளுக்கு ஒரு கரண்டி கேசரி. நோயாளிகளுக்கு அரைக் கரண்டிதான்.

பிறகு வந்ததுதான் இந்த நிறைவு. சிகிச்சையோ சோறோ பெறுகிறவர் மணிக்கட்டில் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். கொடுத்தவர் கையில் ஒரு பட்டை இருக்கும். பெறுகிறவருக்கு வலி தணிந்து, பசி தணிந்து, 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அதை வில்லை பிடித்து அனுப்பும். கொடுத்தவர் துபாயில் இருந்தாலும் அதே நிம்மதி அவர் உடம்பில் இறங்கும். வந்த புதிதில் ஆவுடையம்மாளே அதைக் கொண்டாடினாள். இல்லாத அநாதை இல்லத்துக்கு உண்டியல் குலுக்கிய கூட்டம் ஒரே வருஷத்தில் காணாமல் போயிற்றே! பிள்ளையே இல்லாத இடத்திலிருந்து நிம்மதி எப்படி வரும்? மோசடியை ஒழித்த தெய்வம் என்று அவள்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இரண்டாவது வருஷத்திலேயே ஊர், தர்மத்தை நாக்கில் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டது. எது அதிகமாக இனிக்கிறதோ அதற்குத்தான் கொடுத்தார்கள். அநாதைப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்துகொண்டிருந்த செபஸ்தியான் வண்டியை விற்றுவிட்டான். பிணம் எந்த ஊரில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது? தெருவில் சுற்றும் மனநோயாளிகளைக் குளிப்பாட்டி வைத்திருந்த இல்லத்தை மூடினார்கள். அவர்களுக்குக் குளிப்பாட்டினால் கோபம்தான் வந்தது.

"கண் ஆபரேஷன் முகாம்ல கட்டு அவிழ்க்கிற நேரம் இருக்கு பாருங்க" என்றான் தினகர். அவன் கண்கள் லேசாகக் கலங்கின. "நானே போட்டுப் பார்த்திருக்கேன் மேடம். அப்படியே வெளிச்சம் உள்ள வர்ற மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி உங்க டயாலிசிஸ் சப்புன்னு இருக்கு. தப்பா நெனைக்காதீங்க."

"வாரத்துல மூணு நாள் குளிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஆகா ஆகான்னு சொல்லிக்கிட்டா குளிப்பான்? இவியளுக்கு இது ஆயுசு முழுக்க. நிறுத்துனா செத்துருவாவ. செத்துப்போகாம இருக்காவ பாருங்க, அதுக்கு உங்க கம்பெனியில புள்ளி கிடையாதா?"

"சாகாம இருக்கறது ஒரு உணர்வு இல்லையே மேடம்." அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னான். அதுதான் ஆவுடையம்மாளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

தினகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "ஒண்ணு பண்ணலாம். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வராம, கொஞ்சம் தள்ளி வரட்டும். உடம்புல தண்ணி சேர்ந்து, மூச்சு முட்டி வந்து படுத்தா, அது இறங்கறப்போ வர்ற நிம்மதி..."

"படிச்சவருதானே நீங்க?"

"பசிச்சாத்தானே மேடம் சோறு ருசிக்கும்? நெறைய இல்லங்கள்ல இப்ப மதியச் சாப்பாட்டை மூணு மணிக்கு மேலதான் போடறாங்க."

"பிள்ளைகளுக்கா?"

தினகர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

ஆவுடையம்மாள் எழுந்தாள். "தம்பி, இது ஊசி போட்ட கை. ஓங்கி அறையவும் தெரியும். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருங்க."

அவன் போய்விட்டான். அவன் போனால் என்ன, அவன் சொன்ன தரை அப்படியேதான் கிடந்தது. பலகையில் உபயம் எழுதாத நாள்கள் பெருகிக்கொண்டே வந்தன.

*

திரவியம் அண்ணாச்சி மட்டும் கைவிடமாட்டார் என்று அவள் நம்பினாள். தெற்கு பஜாரில் பாத்திரக்கடை. அவருடைய அம்மா சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தாள். பக்கத்தில் எங்கும் மெஷின் இல்லாத காலத்தில், பஸ்ஸில் மதுரைக்கும் ஊருக்குமாக அம்மாவை மடியில் படுக்கவைத்துக் கொண்டுபோனவர். ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் நினைவு நாளன்று அவர் உபயம்தான். அந்த ஒரு நாளில் அவர் கொடுப்பதில் மையம் பல நாள் மூச்சுவிடும்.

கடைக்குப் போனபோது குக்கர் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

"வாங்க சிஸ்டர், வாங்க. ஏல, ஒரு சேர் எடுத்துப் போடு."

"நினைவு நாள் வருதுல்லா அண்ணாச்சி. பலகையில எழுதிரலாமா?"

அண்ணாச்சி ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தார். துடைத்த டம்ளரையே திரும்பவும் துடைத்தார். "இந்த வருஷம் கண் முகாமுக்குக் கொடுக்கலாம்னு ஒரு யோசனை."

"உங்கம்மைக்குக் கண்ணா கெட்டுப்போச்சு?"

"கோவிச்சுக்கிடாதீங்க. போன மாசம் மருமகன் ஒருநாள் கண் முகாமுக்குக் கொடுத்தாரு. எனக்கும் பட்டையைப் போட்டுவிட்டாரு. ஒரு கிழவி கட்டு அவுத்தா. எனக்கு நெஞ்செல்லாம் அப்படியே... எங்கம்மை செத்ததுக்கப்புறம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததே கிடையாது சிஸ்டர். உங்க சென்டர்ல போன தடவை போட்டேன். ஏதோ ஃபேன் போட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். நான் என்ன செய்ய? மனசு அங்கன போவுதே."

"அண்ணாச்சி, முன்னால உங்கம்மைக்கு வந்த நோவு இன்னொருத்திக்கு வரக்கூடாதுன்னு கொடுத்திய. இப்ப உங்களுக்கு எது ருசியோ அதுக்குக் கொடுக்கிய. இதுக்குப் பேரு தர்மமா, தீனியா?"

கடைப்பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. நல்ல மனுஷன். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொடுக்கிறவனுக்கும் ஒரு மனசு இருக்குல்லா" என்றார் மெதுவாக. "சரி, உங்களுக்காக இந்த ஒரு தடவை. ஆனா பட்டை போட்டுத்தான் உக்காருவேன். அது நெறைஞ்சா தொடர்ந்து செய்யுதேன். நெறையலன்னா என்னை விட்டுருங்க."

*

அந்தக் கோபத்தை அவள் எங்கே கொண்டு போய் இறக்கினாள் என்பதுதான் விஷயம். அண்ணாச்சியிடம் இறக்க முடியாது. தினகர் சென்னையில் இருந்தான். மையத்துக்குத் திரும்பி வந்தபோது வரிசையாகக் கட்டில்களில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். கையில் குழாய், கண்ணில் சலிப்பு. ஒருவர் கொட்டாவி விட்டார்.

"இப்படி உம்முன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கிடந்தா எவன் கொடுப்பான்?" என்று கத்தினாள். "கொஞ்சமாவது சந்தோஷப்பட்டாத்தான் என்ன? திரவியம் அண்ணாச்சி வாராவ. அவுக மனசு நெறையலன்னா மூணாவது ஷிப்ட்டை மூடணும். மூடுனா எங்க போவிய? தாமிரபரணியிலயா போய் விழுவிய?"

கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் போட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாதவர்களுக்கு அதுதான் விருந்து.

கடைசிக் கட்டிலில் பிரம்மசக்தி ஐஸை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "விடுங்கக்கா, நீங்க யாருக்காகத் திட்டுதிய, எங்களுக்காகத்தானே" என்றாள். பீடி சுற்றுகிறவள். ஊசிக் குழாய் ஏறாத கையால் மடியில் இலையை வைத்து வெட்டிக்கொண்டே மெஷினில் கிடப்பாள். புருஷன் திருப்பூரில் இன்னொருத்தியோடு இருந்தான். ஒரே மகள் பிளஸ் டூ படித்தாள். அந்தப் பிள்ளை ஒரு படிப்பில் சேருகிறவரைக்கும் உயிரோடு இருந்தால் போதும் என்று பிரம்மசக்தி வாய்விட்டே சொல்வாள்.

"அண்ணாச்சிக்கு யாரு கையில வில்லை ஒட்டுவியக்கா?"

"யாரு கையில ஒட்டுனா என்ன, எல்லாம் ஒரே சப்புதான்."

"என் கையில ஒட்டுங்க. நான் சந்தோஷமாப் படுத்துக்கிடுதேன்." சிரித்தாள். "அப்புறம் அக்கா, எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடை. போகாட்டி எங்க அண்ணன்மாரு பேசமாட்டானுவ. நடுவுல வர்ற முறையைத் திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில பாத்துக்கிடுதேன். சீட்டு எழுதிக் கொடுங்க."

ஆவுடையம்மாள் எழுதிக் கொடுத்தாள். கொடை என்கிற ஊர்த் திருவிழாவுக்குப் போகாதே என்று அந்தச் சீமையில் யாரும் யாரையும் சொல்ல முடியாது. அம்மன் பெயரைச் சொல்லிக் கேட்டால் சந்தேகப்படவும் தோன்றாது.

*

நினைவு நாளன்று அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் விபூதியுமாகக் கேசரித் தூக்கோடு வந்து சேர்ந்தார். மெஷின் அறைக்குள் கூட்டம் கூடாது என்பதால், உபயதாரருக்கு முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி. பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரம்மசக்தியை அவள் மகள் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஆவுடையம்மாளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகம் அதைத்து, கண் இரண்டும் கோடாக இருந்தன. கால்கள் வீங்கியிருந்தன. வாசல்படி ஏறுவதற்குள் மூச்சு இழுத்தது. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். உடம்பில் அத்தனை தண்ணீர் சேர்ந்திருந்தது.

"ஏட்டி, திருச்செந்தூர் போகலியா நீ?"

பதில் சொல்ல அவளுக்கு மூச்சில்லை. மகள்தான் அழுதுகொண்டே சொன்னாள். "கொடையும் இல்ல ஒண்ணும் இல்ல சிஸ்டர். வீட்லதான் கிடந்தாவ. தண்ணி குடிக்காதம்மான்னா கேக்கல. சொம்பு சொம்பாக் குடிச்சாவ. ஊறுகாய வச்சு மோர் குடிச்சாவ. கேட்டா, 'சிஸ்டர்தான் சொன்னாவ'ன்னு சொல்லுதாவ."

திட்டுவதற்கு நேரமில்லை. ஆக்சிஜனை வைத்து, கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, ஊசியை ஏற்றினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடுவாள். ரத்தத்தில் சேர்ந்ததை இறக்குவதற்கு மெஷினைவிட்டால் வேறு வழியில்லை. அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, வழக்கப்படி பச்சைப் பொத்தானைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். நோயாளிகளின் வீங்கிய முகங்களைப் பார்த்துப் பழகியவர். வித்தியாசம் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

வில்லையைப் பிரம்மசக்தியே கேட்டு ஒட்டிக்கொண்டாள்.

மெஷின் ஓடியது. தண்ணீர் இறங்க இறங்க மூச்சின் இழுப்பு அடங்கியது. கழுத்து நரம்பின் துடிப்பு குறைந்தது. ஒரு கட்டத்தில் அவள் ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, முழுசாக வெளியே விட்டாள். கண்ணைத் திறந்து சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை அந்தக் கட்டில்களில் ஆவுடையம்மாள் பார்த்ததே இல்லை.

முன்னறையிலிருந்து, "அம்மா!" என்று அண்ணாச்சியின் குரல் உடைந்து கேட்டது.

"கேட்டியளாக்கா?" என்றாள் பிரம்மசக்தி. "அவியளுக்கு நெறைஞ்சிட்டு."

"அறிவு இருக்கா மூதி? உன்னை எவ தண்ணி குடிக்கச் சொன்னா?"

"நீங்கதானக்கா சந்தோஷப்படச் சொன்னிய. சும்மாச் சும்மா எங்கன இருந்து வரும்? ஓசியில எத்தனை வருஷம் கிடந்திருக்கேன் இந்தக் கட்டில்ல. கொடுக்கிறவிய வயிறு குளிர வேண்டாமா?"

"ஓசின்னு சொன்னே, வாயில போட்டுருவேன். உயிரோட இருக்கதுக்கு ஒருத்தனுக்குக் கூலி கொடுக்கணுமாட்டி? இனிமே இப்படிச் செய்யமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொல்லு."

பிரம்மசக்தி குழாய் இல்லாத கையைத் தூக்கினாள். தலைவரைக்கும் வரவில்லை. "கால்ல பாரமே இல்லக்கா. நல்லாருக்கு" என்றாள். மானிட்டரில் கோடு குழம்பியது.

ஆவுடையம்மாள் கட்டிலில் ஏறி நெஞ்சை அமுக்கினாள். டெக்னீஷியன் ஓடிவந்து மருந்து ஏற்றினான். அமுக்கினாள், அமுக்கினாள், விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டும் விடாமல் அமுக்கினாள். இதயம் நாள்கணக்கில் விஷ ரத்தத்தில் கிடந்திருக்கிறது. அது திரும்பி வரவில்லை. மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "வீக்கம் வத்திட்டு சிஸ்டர், வத்திட்டு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

*

முன்னறையில் அண்ணாச்சி எழுந்து நின்றிருந்தார். பட்டை தந்த நிம்மதியில், உள்ளே எழுந்த சத்தம் எதுவும் அவர் காதில் விழவில்லை. முகமெல்லாம் கண்ணீர். அந்தக் கண்ணீருக்கு நடுவே, பிள்ளைபோல ஒரு சிரிப்பு.

"சிஸ்டர், உங்களைத் தப்பா நெனைச்சிட்டேன். கண் முகாமெல்லாம் இதுக்குக் கால்தூசி பெறாது. கடைசியில ஒரு அமைதி வந்துச்சு பாருங்க... ஒரு நோவும் இல்ல, ஒரு பாரமும் இல்ல. எங்கம்மையே என் தலையத் தடவுன மாதிரி இருந்துச்சு. மூணாவது ஷிப்ட்டை மூடாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்." கேசரித் தூக்கை அவள் கையில் திணித்தார். "அந்தப் பிள்ளைக்கு முதல்ல கொடுங்க. அடுத்த வருஷமும் அந்தப் பிள்ளையவே எனக்கு எழுதி வச்சிருங்க."

ஆவுடையம்மாள் தூக்கைத் தரையில் வைத்தாள். அவர் மணிக்கட்டைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

கட்டிலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பட்டையைக் கழற்றப் பார்த்தார். கொக்கி வரவில்லை.

"சிஸ்டர்... நான்... என்னாலயா?"

இல்லை அண்ணாச்சி, விதி அண்ணாச்சி, உங்கள் மேல் தப்பில்லை அண்ணாச்சி. இப்படிச் சொல்லத்தான் உலகம் அவளுக்குப் பழக்கியிருந்தது. கொடுக்கிறவர் மனசு நோகக் கூடாது. வாழ்நாளெல்லாம் அந்த மனசுகளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஏந்திக்கொண்டு திரிந்தவள் அவள்.

"ஆமா" என்றாள். "உங்களாலயும்தான், என்னாலயும்தான். உங்களுக்கு ருசிக்கணும்னு தண்ணியக் குடிச்சுச் செத்துப்போனா. கடைசியா வந்த அமைதின்னு சொன்னியளே, அது என்னன்னு இப்ப விளங்குதா?"

அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அவரைத் தூக்கிவிடவில்லை.

போன் அடித்தது. தினகர்.

"மேடம், கங்கிராட்ஸ்! இன்னைக்கு உங்க சென்டர் மாநிலத்துலயே முதலிடம். இதுவரைக்கும் யாருமே தொடாத புள்ளி. அந்த ஒரு உணர்வோட துணுக்கை மத்த டோனர்ஸுக்குச் சாம்பிள் அனுப்பினோம், அப்படியே குவியுறாங்க. இந்த வாரம் முழுக்க உங்க நாள் எல்லாம் புக் ஆயிடுச்சு. நான் சொன்ன மாதிரி இடைவெளி விட்டீங்களா?"

"அந்தப் பொம்பளை செத்துட்டா."

"ஐயோ. சாரி மேடம்." அப்புறம், குரலைத் தாழ்த்தி, "எந்த நிமிஷத்துலன்னு சொல்ல முடியுமா? கடைசியில ஒரு ஏற்றம் வருது. அது என்னன்னு எங்க டீம் கேக்கறாங்க" என்றான்.

நாற்பது வருஷ நர்ஸ் வாழ்க்கையில் ஆவுடையம்மாள் சொல்லாத கெட்ட வார்த்தைகள் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. அவனுடைய அம்மாவை மட்டும் இழுக்கவில்லை. போனைச் சுவரில் அடித்தாள். வில்லை டப்பாவைத் தேடினாள். எல்லாவற்றையும் கொளுத்துவது, அண்ணாச்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கலெக்டர் வாசலில் போய் உட்காருவது என்று மனசுக்குள் வரிசையாக முடிவு செய்துகொண்டே போனாள். டப்பா அலமாரியில் இல்லை. வெளியே வராந்தாவில் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இனிமேல் வில்லை கிடையாது, இருக்கிறவரைக்கும் மெஷின் ஓடும், ஓடாத அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து ரோட்டில் உட்காருவோம்.

கதவைத் திறந்தாள்.

டப்பா வராந்தா பெஞ்சில் காலியாகக் கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் வில்லை ஒட்டியிருந்தது. அன்றைக்குக் கொட்டாவி விட்டவர், இன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, முதலில் இருந்தார். ரிட்டயர்டு கண்டக்டர், குருசாமி.

"நாங்களே ஒட்டிக்கிட்டோம் சிஸ்டர்" என்றார். மூச்சு வாங்கியது.

"கழட்டுங்க. எல்லாரும் கழட்டுங்க. உள்ள ஒருத்தி செத்துக் கிடக்கா, தெரியுமா?"

"தெரியும். அழுகைச் சத்தம் கேட்டுச்சு." அவர் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார். "சாவுதது நாங்கதானே சிஸ்டர். நீங்க எதுக்குக் கோவப்படுதிய?"

அப்போதுதான் அவள் அவர்கள் கால்களைப் பார்த்தாள். வரிசையாக எல்லாம் வீங்கியிருந்தன. முகங்களும் வீங்கியிருந்தன. கடைசியில் இருந்த பெண் மகனுடைய தோளில் சாய்ந்து வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பிரம்மசக்தி மட்டுமல்ல. அவள் கத்தியதை அன்றைக்குக் கட்டிலில் கிடந்தவர்களும், வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தவர்களும், அத்தனை பேரும்தான் கேட்டிருந்தார்கள்.

வாதாட நேரமில்லை. வில்லையைப் பிய்த்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. ஆவுடையம்மாள் டெக்னீஷியனைக் கூப்பிட்டு அலறினாள். நீலம் பாரித்த பெண்ணை முதலில் தூக்கினார்கள். எழுந்து வந்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துத் தூக்கியவர் அண்ணாச்சி. அவர் கையில் பட்டை கழலாமல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக, முன் ஷிப்ட் முடிந்து காலியான கட்டில்களில் போட்டு, ஊசி ஏற்றி, ஆக்சிஜனைப் பங்கு வைத்து, மெஷின் மெஷினாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனாள். ஒருவரையும் விடக்கூடாது, இன்றைக்கு இன்னொருவரை விடவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.

விடவில்லை. குருசாமிக்கு மூச்சு சீரானது. நீலம் பாரித்த உதடு சிவந்தது. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது. எந்தெந்த ஊரிலோ, யார் யாருக்கோ மனசு நிறைந்துகொண்டிருந்தது.